பூச்சி மூளையில் கிளியா செல்களுக்கு வழி சொல்வது யார்?

கேள்வி இதுதான்: பூச்சியின் மூளை உருவாகும்போது நரம்பு செல்கள் கிளியா செல்களின் வளர்ச்சியை எப்படி வடிவமைக்கின்றன? கிளியா என்றால் நரம்பு செல்களைச் சுற்றி நின்று துணைபுரியும் செல்கள். கூடவே ஒரு துணைக் கேள்வியும் இருக்கிறது. கிளியா முதலில் போய் இடம் அமைத்துக் கொடுத்த பிறகுதானே நரம்பு செல்கள் வந்து சேர்கின்றன, அப்படியிருக்க இதைத் தலைகீழாகச் சொல்வது சரியா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு செல் கிளியாவாகப் பிறப்பதற்குப் பெரும்பாலும் நரம்பு செல்லின் உதவி தேவையில்லை. எந்தத் தாய் செல்லிலிருந்து பிரிந்தது என்பதிலேயே அது முடிவாகிவிடும். பிறந்த பிறகுதான் நரம்பு செல்லின் ஆட்சி ஆரம்பிக்கிறது. எத்தனை கிளியா பிழைக்கும், எங்கே போய் நிற்கும், எந்த வடிவம் எடுக்கும், எப்போது வேலை மாறும் என்பதிலெல்லாம் நரம்பு செல்களின் கை இருக்கிறது. துணைக் கேள்விக்கும் பதில் உண்டு: இரண்டு வரிசையும் உண்மை, மூளையின் எந்த மூலையைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பிறப்பை முதலில் பார்ப்போம். பழ ஈயில், அதாவது ட்ரோசோஃபிலாவில், ஜி.சி.எம். என்று ஒரு மரபணு இருக்கிறது. 'கிளியா செல்களைக் காணோம்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். 1995இல் இதைப் பற்றிய ஆய்வுகள் வெளியானபோது பலரும் வியந்தார்கள். இந்த மரபணு பழுதான கருவில், கிளியாவாக வேண்டிய செல்கள் நரம்பு செல்களாகிவிட்டன. நரம்பு செல்லாக வேண்டியவற்றில் இதை வலிந்து இயக்கினால் அவை கிளியாவாகின. ஒரே ஒரு சுவிட்ச், இரண்டு விதி. ஆனாலும் இது எல்லா கிளியாவுக்கும் பொருந்தாது. கருவின் நடுக்கோட்டில் இருக்கும் கிளியா செல்கள் இந்த மரபணுவை நம்பியில்லை. இன்னொரு வேடிக்கை, எலியிலும் மனிதரிலும் இதன் உறவு மரபணுக்கள் இருக்கின்றன, ஆனால் அவை நஞ்சுக்கொடியையும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியையும் உருவாக்கப் போய்விட்டன. பூச்சியில் கண்டதை அப்படியே நம் மூளைக்குத் தூக்கிக்கொண்டு போக நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பூச்சி மூளையில் கிளியாவின் பங்கு எண்ணிக்கையில் சிறியது. பழ ஈ மூளையின் செல்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் கிளியா. ஆனால் வகைகள் தெளிவாகப் பிரிந்திருக்கும். மூளையின் வெளிப்புறத்தில் இரண்டு அடுக்கு கிளியா சேர்ந்து இரத்தத் தடுப்புச் சுவராக நிற்கும். அதற்கு உள்ளே, நரம்பு செல்களின் உடல்களைச் சுற்றிப் பொதியும் ஒரு வகை. நரம்பு இழைகள் பின்னிக்கிடக்கும் பகுதியை நியூரோபில் என்பார்கள். அதற்கு வேலி கட்டும் வகை ஒன்று, அதற்குள்ளேயே கிளைபரப்பி நுழையும் ஆஸ்ட்ரோசைட் போன்ற வகை இன்னொன்று. இவை போக ஆக்ஸான்களை, அதாவது நரம்பு செல்லிலிருந்து செய்தியை எடுத்துச் செல்லும் நீண்ட இழைகளை, சுற்றிக்கொள்ளும் வகையும் உண்டு. நரம்பு செல்கள் பிறப்பிக்கும் கட்டளைகள் அதிகம் தெரிவது வேலி கட்டும் வகையிலும், ஆஸ்ட்ரோசைட் வகையிலும், ஆக்ஸானைச் சுற்றும் வகையிலும்தான்.

இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த பரிசோதனைகள் பழ ஈயில் நடந்தவை அல்ல, ஓர் அந்துப்பூச்சியில் நடந்தவை. பெயர் மண்டூக்கா செக்ஸ்டா. அமெரிக்காவில் புகையிலை, தக்காளிச் செடிகளை மொட்டையடிக்கும் பச்சைப் புழுவின் வளர்ந்த வடிவம். நம்மூரில் அந்தி நேரத்தில் பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் உறிஞ்சும் பெரிய அந்துப்பூச்சிகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜான் ஹில்டபிராண்ட், லெஸ்லி டால்பர்ட், லின் ஓலண்ட் ஆகியோர் 1980களிலிருந்து இதன் மணமறியும் மூளைப்பகுதியைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மரபணுக் கருவிகள் எதுவும் பெரிதாக இல்லாத பூச்சி அது. ஆனால் உருவம் பெரியது, அறுவை செய்யலாம். கூட்டுப்புழுப் பருவம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும், அதை 18 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

ஆண் மண்டூக்காவின் ஒவ்வொரு உணர்கொம்பிலும் சுமார் 3 லட்சம் மணமறி நரம்பு செல்கள் உள்ளன. அவற்றின் ஆக்ஸான்கள் மூளையில் உணர்கொம்பு மடல் என்ற பகுதிக்கு வந்து சேர்ந்து, அங்கே 60க்குச் சற்று மேற்பட்ட உருண்டைகளாகத் திரளும். குளோமெருலஸ் என்று இவற்றைச் சொல்வார்கள். ஒரே வகையான வாசனை ரிசெப்டர் (வாசனையைப் பிடிக்கும் புரதம்) கொண்ட செல்கள் ஒரே உருண்டையில் போய் முடியும். ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் கிளியாவால் ஆன உறை இருக்கும். குறுக்குவெட்டில் பார்த்தால் பலாப்பழத்துக்குள் சுளைகள் தனித்தனியாக இருக்க, இடையில் சடை பிரித்து வைத்திருப்பது போலத் தெரியும்.

இந்த உறையை யார் தொடங்கிவைக்கிறார்கள்? ஆக்ஸான்கள் வருவதற்கு முன், கிளியா செல்கள் மடலின் விளிம்பில் ஒரு வளையமாகச் சும்மா நிற்கின்றன. உள்ளே நுழைவதில்லை. ஆக்ஸான்கள் வந்து முன்வடிவ உருண்டைகளாகத் திரள ஆரம்பித்த பிறகுதான் கிளியாவிடம் அசைவு தெரிகிறது. முதலில் மெல்லிய நீட்சிகளை அனுப்பும், பின் செல் உடலே நகரும், கடைசியில் ஒவ்வொரு உருண்டையையும் சுற்றிவளைத்து நிற்கும். மூளைக்குள்ளேயே இருக்கும் நரம்பு செல்களின் டெண்ட்ரைட்கள், அதாவது செய்தி வாங்கும் இழைகள், பெருமளவில் கிளைத்து உருண்டைக்குள் நுழைவது இதற்கெல்லாம் பிறகுதான். வரிசை தெளிவு: முதலில் ஆக்ஸான், அப்புறம் கிளியா, அதன்பின் டெண்ட்ரைட்.

வரிசை தெரிந்தால் மட்டும் காரணம் தெரிந்துவிடாது. அதனால் அவர்கள் இரண்டு பக்கமும் வெட்டிப் பார்த்தார்கள். உருமாற்றம் தொடங்கும்போதே உணர்கொம்பாக வளர வேண்டிய திசுவை அகற்றினால், அந்தப் பக்க மடலுக்கு ஆக்ஸான்களே வராது. அப்படிப்பட்ட மடலில் கிளியா விளிம்பிலேயே தங்கிவிட்டது, உருண்டைகளும் உருவாகவில்லை. பக்கத்து மடலில், அதே பூச்சியில், எல்லாம் ஒழுங்காக நடந்தது. கிளியா உள்ளே போவதற்கு அனுமதி தருவது ஆக்ஸான்கள்தான் என்பது இதில் தெரிகிறது. ஒரு சில ஆக்ஸான்கள் மட்டும் வரும்படி செய்தாலும், அவை வந்த இடத்தில் உருண்டை உருவாகிறது.

மறுபக்கம் இன்னும் அழகான பரிசோதனை. கிளியாவை மட்டும் குறைக்க வேண்டும், நரம்பு செல்களைத் தொடக்கூடாது. மரபணுக் கருவி இல்லாத பூச்சியில் இது எப்படி? அந்தக் கட்டத்தில் மடலின் நரம்பு செல்கள் பிரிவதை நிறுத்தியிருக்கும், கிளியா மட்டும் பிரிந்துகொண்டிருக்கும். ஆகவே பிரியும் செல்களைத் தாக்கும் எதுவும் கிளியாவைத்தான் தாக்கும். காமா கதிரைப் பாய்ச்சினார்கள், தனியாக ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1988இல் வெளியான இரண்டு ஆய்வுகளும் ஒரே முடிவைக் காட்டின. கிளியா போதாத மடலில், ஆக்ஸான்கள் வந்தும் உருண்டைகள் உருவாகவில்லை. ஒரே கேள்வியை முற்றிலும் வேறான இரண்டு ஆயுதங்களால் கேட்டு ஒரே பதிலைப் பெற்றால் நம்பிக்கை வரும், இல்லையா? ஒரு மருந்தின் பக்கவிளைவு என்று தள்ளிவிட முடியாது.

1996இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். கிளியா குறைந்த மடலிலும் ஆக்ஸான்கள் முதலில் முன்வடிவ உருண்டைகளாகத் திரள்கின்றன. ஆனால் அந்தத் திரட்சி நிலைக்கவில்லை, கலைந்துபோகிறது. அப்படியானால் உருண்டைக்கான வரைபடம் ஆக்ஸான்களிடம் இருக்கிறது, அதை நிலைநிறுத்தும் வேலை கிளியாவிடம் இருக்கிறது. நரம்பு செல் கிளியாவை அழைக்கிறது, வந்த கிளியா நரம்பு செல்லின் வடிவத்தைக் காப்பாற்றுகிறது. துணைக் கேள்வியில் கிளியா முதலில் என்று சொன்னதற்கும் இதில் இடம் இருக்கிறது, ஆனால் பாதி இடம்தான்.

சரி, அழைப்பு எந்த மொழியில் போகிறது? மின் துடிப்பாக இருக்கும் என்று பலரும் முதலில் நினைப்பார்கள். டெட்ரோடோடாக்ஸின் என்ற நஞ்சைக் கொடுத்து நரம்புத் துடிப்பை அடக்கிப் பார்த்தார்கள். அப்போதும் உருண்டைகள் உருவாகின. ஆக, துடிப்பு கட்டாயம் இல்லை. ஆனால் கிளியாவுக்குள் கால்சியம் முக்கியம். ஆக்ஸான்கள் வந்த மடலில்தான் கிளியா செல்கள் மின்னழுத்த மாற்றத்துக்குக் கால்சியம் எழுச்சியால் பதிலளிக்கும் திறனை வளர்த்துக்கொள்கின்றன. ஆக்ஸான் வராத மடலில் அந்தத் திறனே சரியாக வளர்வதில்லை. கால்சியம் நுழைவதைத் தடுத்தால் கிளியாவின் நகர்வு குறைகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கிளியாவை நகர்த்துவதற்கு முன்பே, கேட்கும் காதையே ஆக்ஸான்தான் வளர்த்துக் கொடுக்கிறது.

செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வாயுவான நைட்ரிக் ஆக்ஸைடும் இதில் வருகிறது. மணமறி ஆக்ஸான்களில் அதை உண்டாக்கும் நொதி இருக்கிறது. அந்த நொதியைத் தடுத்தால் கிளியா போக வேண்டிய இடத்துக்குப் போவதில்லை என்று 2001இல் காட்டினார்கள். பிறகு எஃப்.ஜி.எஃப். எனப்படும் வளர்ச்சிக் காரணிக்கான ரிசெப்டர் கிளியாவில் செயல்படுவதையும், அதை மருந்தால் தடுத்தால் உருண்டைகளைச் சுற்றும் வேலை நடக்காததையும் கண்டார்கள். இந்த எஃப்.ஜி.எஃப். என்ற பெயரைக் கவனித்து வையுங்கள், பழ ஈயில் இது திரும்பத் திரும்ப வரும்.

மண்டூக்காவை விடுவதற்கு முன் இரண்டு விஷயம். ஆக்ஸான்கள் மடலுக்குள் நுழையும் வாசலில் கிளியா அடர்ந்த ஒரு பகுதி இருக்கிறது. உணர்கொம்பில் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த அடிப்படையில் கட்டுக்கட்டாக வரும் ஆக்ஸான்கள், இங்கே பழைய கட்டுகளைப் பிரித்து, போக வேண்டிய உருண்டையின் அடிப்படையில் புதிய கட்டுகளாகச் சேர்கின்றன. இந்தப் பகுதி உருவாவதையும் வரும் ஆக்ஸான்களே தூண்டுகின்றன, கிளியாவைக் குறைத்தால் கட்டு மாற்றம் குழம்புகிறது. இன்னொன்று, 1982இல் ஹில்டபிராண்டின் குழு வெளியிட்ட ஒட்டுப் பரிசோதனை. ஆணின் மடலில் மட்டும், பெண்ணின் பாலின வாசனையை அறிய ஒரு பெரிய உருண்டைத் தொகுதி உண்டு. ஆணின் உணர்கொம்புத் திசுவைப் பெண்ணுக்கு ஒட்டவைத்தால், பெண்ணின் மூளையில் அந்த ஆண் தொகுதி உருவாகிறது. வரும் ஆக்ஸான் மூளையின் கட்டுமானத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் பார்த்ததில்லை.

இதைப் படித்துவிட்டு 'எல்லாப் பூச்சியிலும் இப்படித்தான்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பழ ஈயின் உணர்கொம்பு மடலில் வரிசை வேறு. அங்கே சுமார் 50 உருண்டைகள். மூளையின் உள்பகுதிக்குச் செய்தி கடத்தும் செல்களின் டெண்ட்ரைட்கள், உணர்கொம்பிலிருந்து ஆக்ஸான்கள் வருவதற்கு முன்பே ஒரு தோராய வரைபடத்தைப் போட்டுவிடுகின்றன. கிளியா தாமதமாகவே உள்ளே வருகிறது. ஆகவே பழ ஈயில் கிளியா வெறும் பார்வையாளர் என்ற கருத்து கொஞ்ச காலம் நிலவியது.

2017இல் ஸ்டான்ஃபோர்டில் லிச்சுன் லுவோவின் ஆய்வகம் அதைத் திருத்தியது. மடலின் நரம்பு செல்கள், குறிப்பாக உள்ளூர் இடைநரம்பு செல்கள், திஸ்பி என்ற எஃப்.ஜி.எஃப். புரதத்தை வெளியிடுகின்றன. வேலி கட்டும் கிளியாவின் மேல் ஹார்ட்லெஸ் என்ற ரிசெப்டர் அதைப் பிடிக்கிறது. பிடித்தால்தான் கிளியா நீட்சிகளை உள்ளே அனுப்பி உருண்டைகளைப் பிரிக்கும். இதில் நெத்தியடி என்னவென்றால், குறிப்பிட்ட சில நரம்பு செல்களில் மட்டும் திஸ்பியை அதிகமாக்கினால், அந்தச் செல்கள் போய்ச் சேரும் உருண்டையைச் சுற்றி மட்டும் கிளியா அளவுக்கு மீறிச் சுற்றிக்கொள்கிறது. சிக்னல் எங்கே இருக்கிறதோ அங்கே சுவர் தடிக்கிறது. 'கிளியா வளர ஒரு சூழல் தேவை' என்று பொதுவாகச் சொல்வதற்கும், 'இந்த இடத்தில் இவ்வளவு சுற்று' என்று ஆணையிடுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடுகிறது. சுவர் சரியாக எழாத மடலில், வரும் ஆக்ஸான்களின் இலக்கும் பிசகுகிறது. அந்துப்பூச்சியில் கண்ட அதே இருவழிப் போக்குவரத்துதான், நேரம் மட்டும் மாறியிருக்கிறது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்ட்லெஸ் பழுதானால் கருவில் இதயம் உருவாகாது, அதனால் அந்தப் பெயர். அதைத் தூண்டும் இரண்டு புரதங்களுக்கும் பிரமஸ், திஸ்பி என்று ஒரு பழைய ரோமானியக் கதையின் காதலர்களை வைத்துப் பெயரிட்டார்கள். பழ ஈ ஆய்வாளர்களுக்கு இந்த மாதிரி குறும்பு கொஞ்சம் அதிகம்.

இதே மூவரை வேறு இடங்களிலும் பார்க்கலாம். பழ ஈயின் புழுப் பருவத்தில் ஆஸ்ட்ரோசைட் வகைக் கிளியா நியூரோபிலுக்குள் மரம்போலக் கிளைத்து நுழையும், ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நிற்கும். மார்க் ஃப்ரீமனின் ஆய்வகம் 2014இல் காட்டியபடி, பிரமஸும் திஸ்பியும் ஹார்ட்லெஸ் வழியாக இந்த நுழைவைத் தூண்டுகின்றன. ரிசெப்டர் இல்லாத ஆஸ்ட்ரோசைட் சரியாக உள்ளே நுழைய முடியாமல் நிற்கும்.

கண்ணில் கதை இன்னும் சுவையானது. பழ ஈயின் கண்ணாக வளரும் தட்டு, மூளையோடு ஒரு தண்டால் இணைந்திருக்கும். கண்ணில் இருக்கப்போகும் கிளியா கண்ணிலேயே பிறப்பதில்லை. தண்டுப் பக்கத்திலிருந்து ஊர்ந்து வருகிறது. ஒளியுணர் செல்கள் தட்டின் பின்முனையிலிருந்து முன்னோக்கி வரிசை வரிசையாக உருவாகிக்கொண்டே போகும், கிளியா அந்த வரிசைக்குப் பின்னாலேயே வரும், தாண்டிப் போகாது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் சோய், சீமோர் பென்சர் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் ஒளியுணர் செல்கள்தான் கிளியாவை வரவழைக்கின்றன என்று காட்டினார்கள். ஆக்ஸான்கள் கண்ணிலிருந்து மூளை நோக்கிப் போகின்றன, கிளியா மூளைப் பக்கத்திலிருந்து கண்ணை நோக்கி வருகிறது, இரண்டும் எதிரெதிர்த் திசை. ஆனால் கிளியா வராவிட்டால் ஆக்ஸான்கள் தண்டுக்குள் நுழைய வழி தெரியாமல் கண்ணிலேயே சுற்றும் என்று 1999இல் தெரியவந்தது. ஒளியுணர் செல் தனக்கு வழிகாட்டப்போகிறவரைத் தானே அழைத்து வைத்துக்கொள்கிறது.

ஊர்ந்துகொண்டிருக்கும் கிளியாவுக்கு 'போதும், இனி சுற்றிக்கொள்' என்று சொல்வது யார்? ஜெர்மனியின் மூன்ஸ்டரில் கிறிஸ்டியான் க்ளெம்ப்ட்டின் குழு 2009இல் இதற்குப் பதில் தந்தது. கிளியாவின் எண்ணிக்கையையும் நகர்வையும் பிரமஸ் பார்த்துக்கொள்கிறது, அது கிளியாவிலிருந்தே வருகிறது. நகர்ந்து வந்த கிளியா ஒளியுணர் ஆக்ஸானைத் தொடும்போது திஸ்பி கிடைக்கிறது, அது நரம்பு செல்லிலிருந்து வருகிறது. ரிசெப்டர் அதே ஹார்ட்லெஸ்தான். கொடுப்பவர் மாறியதும் விளைவும் மாறுகிறது: பெருகி ஊரும் செல், ஆக்ஸானைச் சுற்றிப் பொதியும் செல்லாகிறது. ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு நேரத்தில் தட்டுகிறார்கள். கிளியா வளர்ச்சியில் நரம்பு செல்லின் பங்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஆய்வைத்தான், ஏனென்றால் கிளியாவின் சொந்த வேலைத்திட்டமும் நரம்பு செல்லின் ஆணையும் இங்கே தனித்தனியாகத் தெரிகின்றன.

அந்த ஆக்ஸான்கள் மூளையைத் தொட்ட பிறகும் பேச்சு முடியவில்லை. பார்வை மடலின் முதல் அடுக்கு லேமினா. அதன் நரம்பு செல்கள் பிறக்க ஒளியுணர் ஆக்ஸான்கள் கொண்டுவரும் ஹெட்ஜ்ஹாக் புரதம் தேவை என்று 1996இலேயே தெரியும். அப்புறம் அவை முதிர்ச்சியடைய ஸ்பிட்ஸ் என்ற புரதம் (இ.ஜி.எஃப். எனப்படும் இன்னொரு வளர்ச்சிக் காரணி வகை) தேவை என்றும் சொன்னார்கள். ஸ்பிட்ஸ் நேராக லேமினா செல்லுக்குப் போகிறது என்றே நீண்ட நாள் நம்பப்பட்டது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் க்ளோட் டெஸ்பிளானின் ஆய்வகம் 2017இல் வேறு வழியைக் காட்டியது. ஒளியுணர் செல்லின் ஸ்பிட்ஸைப் பெறுவது ஆக்ஸானைச் சுற்றிய கிளியா. கிளியா அதைப் பெற்றதும் இன்சுலின் போன்ற புரதங்களை வெளியிடுகிறது, அவைதான் லேமினாவின் நரம்பு செல்களை முதிர வைக்கின்றன. நரம்பு செல்லிலிருந்து நரம்பு செல்லுக்குப் போகும் செய்தி, நடுவில் கிளியா வழியாகப் போகிறது. எனக்கு இதில் பிடித்தது நேரக் கணக்கு. கிளியா ஆக்ஸானோடு ஊர்ந்து வர எடுக்கும் நேரமே, லேமினா செல்கள் எப்போது முதிர வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிறது.

இதே லேமினாவில் இன்னொரு கிளியா, ஒளியுணர் ஆக்ஸான்களுக்கு நிறுத்தம் காட்டுகிறது. ஒவ்வொரு சிறு கண்ணிலும் உள்ள எட்டு ஒளியுணர் செல்களில் ஆறு லேமினாவில் நிற்க வேண்டும். லேமினா கிளியா இடத்துக்கு வராத பிறழ்வுகளில் அவை நிற்காமல் அடுத்த அடுக்குக்குப் போய்விடுகின்றன. அந்தக் கிளியா அங்கே வந்து சேர்வதும் ஒளியுணர் ஆக்ஸான்களின் வருகையைப் பொறுத்ததே.

எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாக. இது மூளையில் அல்ல, பழ ஈக் கருவின் வயிற்றுப்புற நரம்பு வடத்தில் தெரிந்தது. நடுக்கோட்டுக் கிளியா உடலின் ஒவ்வொரு கண்டத்திலும் தேவைக்கு அதிகமாகவே உருவாகும், சுமார் பத்து. கடைசியில் மூன்று அளவில்தான் எஞ்சும். மற்றவை செல் தற்கொலையில் போய்விடும். எஞ்சுவதைத் தீர்மானிப்பது ஆக்ஸான்களிலிருந்து வரும் ஸ்பிட்ஸ். அது கிடைத்த கிளியாவில், சாவைத் தூண்டும் ஹிட் என்ற புரதம் முடக்கப்படுகிறது. ஆக்ஸானோடு தொடர்பில் இருப்பவை பிழைக்கும், மற்றவை போகும். நீளவாக்கில் ஓடும் கிளியாவுக்கு இதே பிழைப்பு உதவியை, முதலில் பாதை போடும் சில நரம்பு செல்கள் வெய்ன் என்ற புரதத்தால் தருகின்றன என்று அலிசியா ஹிடால்கோவின் குழு 2001இல் காட்டியது.

வேலை மாற்றத்துக்கு நல்ல உதாரணம் உருமாற்றத்தில் கிடைக்கிறது. பழ ஈயின் நினைவுக்கான மூளைப்பகுதியான காளான் உடலில், காமா நரம்பு செல்கள் புழுப் பருவத்து ஆக்ஸான் கிளைகளைக் கூட்டுப்புழுவில் கழித்துவிட்டு, புதிதாக வளர்த்துக்கொள்ளும். கழித்த துண்டுகளை விழுங்குவது கிளியா. ஆனால் கிளியா தானாகவே கிளம்பி வந்து தின்னத் தொடங்குவதில்லை. உருமாற்ற ஹார்மோனான எக்டைசோனுக்கு நரம்பு செல் பதிலளிக்க முடியாதபடி செய்தால், கிளியா அந்த இடத்துக்குள் ஊடுருவுவதில்லை என்று 2004இலேயே தெரிந்திருந்தது. கிளியாவுக்கு எந்தக் குறையும் இல்லை, அழைப்புதான் வரவில்லை. அந்த அழைப்பில் ஒன்று 2021இல் கிடைத்தது. ஓரையன் என்ற புரதம், எக்டைசோனின் ஆணைப்படி காமா செல்களில் உண்டாகி வெளியே சுரக்கிறது. நம் உடலில் வெள்ளணுக்களை வரவழைக்கும் கீமோகைன்களின் சாயல் அதில் இருக்கிறது. அது இல்லாத பூச்சியில் ஆஸ்ட்ரோசைட்கள் உள்ளே வருவதும் விழுங்குவதும் குறைந்து, கழிவுகள் அப்படியே கிடக்கின்றன. புழுவில் நரம்பு இழைகளுக்குத் துணையாக இருந்த செல்லை, அதே நரம்பு செல் கூப்பிட்டுத் தன்னுடைய கிளையையே தின்னச் சொல்கிறது.

இந்தத் துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நரம்பு செல்லை முழுதாக அகற்றிவிட்டு 'கிளியா சரியாக வளரவில்லை' என்று சொன்னால், அது சார்பு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். ஆணை இருக்கிறது என்று சொல்ல, நரம்பு செல்லை விட்டுவைத்து ஒரு சிக்னலை மட்டும் எடுக்க வேண்டும், அல்லது திஸ்பியில் செய்த மாதிரி ஓரிடத்தில் மட்டும் அதிகமாக்கிப் பார்க்க வேண்டும். அந்துப்பூச்சி ஆய்வுகள் முதல் வகையில் மிகச் சிறந்தவை. இரண்டாம் வகையில் மருந்துகளால் ஓரளவுதான் போக முடிந்தது, அதை முழுதாகச் செய்யப் பழ ஈயின் மரபணுக் கருவிகள் வர வேண்டியிருந்தது.

நரம்பு செல்தான் எல்லாவற்றையும் சொல்கிறது என்ற முடிவுக்கும் போக வேண்டாம். எலியின் நரம்புகளில், ஆக்ஸானைச் சுற்றிக் கிளியா போடும் கொழுப்பு உறையான மயலின் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதை, ஆக்ஸானில் இருக்கும் நியூரெகுலின் புரதத்தின் அளவு தீர்மானிக்கிறது. பழ ஈயில் நியூரெகுலினின் உறவினர் மேலே சொன்ன வெய்ன். ஆகவே பழ ஈயின் உடல் நரம்புகளிலும் ஆக்ஸான்தான் வெய்னைக் கொடுத்து கிளியாவைச் சுற்ற வைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். 2015இல் க்ளெம்ப்ட்டின் குழு பார்த்தபோது, அந்த நரம்புகளில் சுற்றுதலுக்குத் தேவையான வெய்ன் கிளியாவிலிருந்தே வந்தது. கருவில் அதே புரதத்தை நரம்பு செல் கொடுக்கிறது, புழுவின் நரம்பில் கிளியா தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறது.